ஆறாவது குழி வரை வாயைத் திறக்க மாட்டேன்

பொறாமை எல்லாருக்கும் வரும். அடுத்த வீட்டுக் கார் மேல் வரும், அக்காவின் நெக்லஸ் மேல் வரும், கூடப் படித்தவள் கனடா போனால் வரும். எனக்கு ஒரு நடை மேல் வந்தது. கோல்ஃப் மைதானத்தில் நாலாவது குழியில் பந்தைப் போட்டுவிட்டு ஐந்தாவது குழிக்கு நடந்து போவார்கள் இல்லையா, அந்த நடை. நான் நடக்கவேண்டிய அந்த நடையை வேறொருத்தி நடந்துகொண்டிருந்தாள். அதுதான் விஷயம்.

(கோவில்பட்டியில் ஏதுட்டி கோல்ஃப் என்று கேட்பீர்கள். இருக்கு. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.)

எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஜெயபால் அண்ணாச்சி ஏற்றுமதி விஷயமாக மலேசியா போனார். அங்கே ஒரு பெரிய மனுஷர் இவரைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் வியாபாரமே பேசினாராம். திரும்பி வந்த அண்ணாச்சி, எட்டயபுரம் போகிற வழியில் சும்மா கிடந்த தன் கரிசல்காட்டைப் பார்த்தார். "அவன் மலையை வெட்டிக் கிரவுண்டு போடுதான். நம்ம காடு பொறக்கும்போதே சமமால்லா கிடக்கு!" என்று சொல்லி ஒன்பது குழி தோண்டிவிட்டார்.

குழி தோண்டிவிடலாம், புல்லுக்கு எங்கே போவது? எங்கள் மண்ணில் உளுந்து வரும், கம்பு வரும், பருத்தி வரும், முள்ளு கேட்காமலே வரும். கோல்ஃப் புல் வராது. அதனால் மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல்தரை இருக்கிற இடத்தில், இங்கே மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பி உருளை ஓட்டி வைத்திருப்பார்கள். பந்து அதன் மேல் நைசாக உருண்டு போகும். மற்ற இடமெல்லாம் வெறும் மண் என்பதால், ஆட வருகிறவர் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் புல்பாய்த் துண்டு கொண்டுவர வேண்டும். பாயை விரி, பந்தை வை, அடி, பாயைச் சுருட்டு, நட. புல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோல்ஃப் ஆடுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். (பாலைவன நாட்டிலும் உண்டு என்று கோகுல் சொல்கிறார். நான் நம்பவில்லை.)

கோகுல் என்றால் என் கணவர். அப்போது கணவர் இல்லை, நிச்சயம் மட்டும் ஆகியிருந்தது. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகம் அவர்கள் வீட்டுடையது. ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். நடுவில் ஐப்பசி மழை. அந்த மழையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கோகுல் பேசமாட்டார். ஊமை இல்லை, வார்த்தைகளைச் சீதனம் மாதிரி பூட்டி வைத்திருப்பார். நானோ, பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை. கோபமாகப் போன் பண்ணுகிறவர்கள்கூடக் கடைசியில், "சரிம்மா, நீங்க வைங்க" என்று கெஞ்சிவிட்டுத்தான் போவார்கள். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் நான் பேர் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் பாதிப் பேர் கோலப் போட்டிக்கு மாறிவிடுவார்கள். நிச்சயத்துக்குப் பிறகு தினமும் போனில் நான் பேசுவேன், கோகுல் "ம்" போடுவார். அந்த "ம்"மிலேயே பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த இன்ஸ்டா போட்டோ வந்தது.

முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம். கரிசல்காட்டு வரப்பு, பக்கத்தில் முள்ளும் கிளையுமாக ஒரு உடைமரம், வானத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. இரண்டு பேர் தோளில் பையோடு நடந்து போகிறார்கள். இடது பக்கம் என் கோகுல். வலது பக்கம் ஒரு குதிரைவால் கொண்டை. கீழே கோகுல் எழுதியிருந்தார்: "இந்த வாரத்தின் சிறந்த பதினைந்து நிமிடம். நாலாவது குழியிலிருந்து ஐந்தாவது குழிக்கு."

என்னோடு ஒரு மாதம் பேசியும் என்னைப் பற்றி ஒரு வரி எழுதாத மனுஷன்!

குதிரைவால், டாக்டர் நிவேதா. பல் டாக்டர். எங்கள் ஊரில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்தாள். அப்பா ராணுவம், அதனால் போன ஊரில் எல்லாம் ராணுவக் குடியிருப்பு, அங்கெல்லாம் கோல்ஃப் மைதானம். சின்ன வயதிலிருந்தே ஆடுகிறாளாம். சனிக்கிழமை காலை ஜெயபால் அண்ணாச்சி மைதானத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணாச்சியே ஆடமாட்டார். குடை பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பார், இப்படிப் போட்டோ எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

அன்று நான் கோல்ஃபைப் பற்றி நெட்டில் இருக்கிற எல்லாவற்றையும் படித்தேன். படித்ததில் ஒரு பயங்கர உண்மை தெரிந்தது. இந்த விளையாட்டில் விளையாட்டு கொஞ்சம்தான். பந்தை அடிக்கிறது ஒரு நொடி. மிச்ச நேரமெல்லாம் நடை! அடித்துவிட்டு நடை, குழியில் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடை. அதிலும் ஜெயபால் அண்ணாச்சி மைதானத்தில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், உளுந்துக்காடு. "எவன் வந்து கேட்டாலும் தரமுடியாது" என்று அவர் சொல்லிவிட்டதால் அந்தக் காட்டை முழுதாகச் சுற்றித்தான் போகவேண்டும். ஆக, என் வருங்காலக் கணவரும் ஒரு குதிரைவாலும் வாராவாரம் ஆள் நடமாட்டமில்லாத வரப்பில் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள். என்ன பேசுவார்கள்?

நான் பேச்சுப் போட்டிக்காரி. இரண்டு பக்கமும் பேசத் தெரியும். ராத்திரி படுத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேருக்குமான வசனத்தை நானே எழுதினேன். "கோகுல், உங்க பல் வரிசை அழகு." "நன்றி டாக்டர், உங்க பந்து தூரமாப் போகுது." எழுத எழுத எனக்கே அழுகை வந்தது. அவ்வளவு நல்ல வசனம்.

மறுநாள் போனில் சொன்னேன்.

"இந்தச் சனிக்கிழமை நானும் வாரேன்."

"ம்?" (இது புது வகை.)

"சும்மா. பாயைத் தூக்கிட்டு வாரேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்லா."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே போனவள் நின்றாள். "ஏட்டி, கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை கூடக் காட்டுல போயி என்னட்டி பாய் தூக்கப் போற?"

"விளையாட்டும்மா. பந்து விளையாட்டு."

"உனக்கு ஸ்கிப்பிங்கே வராதே."

அம்மா சொன்னதில் உண்மை இருந்தாலும் நான் ஆன்லைனில் வெள்ளை ஷூ ஆர்டர் போட்டுவிட்டேன். பால் வெள்ளை. பெட்டியைத் திறந்தபோது அறையே வெளிச்சமானது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை கொட்டியது.

மழை பெய்த கரிசலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். காய்ந்திருக்கும்போது அது மண். நனைந்தால் பசை. ஒரு அடி வைத்தால் காலில் ஒரு அப்பு அப்பும், அடுத்த அடிக்கு அதன் மேலேயே இன்னொரு அப்பு. உதறினால் போகாது. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஈரக் கரிசலில் இறங்கினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. எனக்கும் தெரியும். நூறு தடவை கழற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வெயில் சுள்ளென்று அடித்தது. மைதானத்துத் தகரக் கொட்டகையில் கோகுலும் நிவேதாவும் ஷூவைக் கழற்றி, நாடாவை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கோகுல் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பவித்ரா, ஷூவைக் கழட்டிடுங்க. ஒட்டும்."

எனக்குச் சுரீரென்றது. எங்க ஊர் மண்ணைப் பற்றி எனக்கு இவ சொல்லுதாளா? கோகுல் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன். அவள் சொல்லிவிட்டாள். இனிமேல் அந்த ஷூ என் உயிர் போனால்தான் கழலும்.

"பரவாயில்ல டாக்டர். எனக்குப் பழக்கம்" என்றேன்.

முதல் மூன்று குழிகள் மேட்டுப் பக்கம், சரளை கலந்த இடம். ஷூ தாக்குப்பிடித்தது. பாயை விரித்தேன், சுருட்டினேன், விரித்தேன். நடுநடுவே அச்சகம், லேபிள், கல்யாண மண்டபம், சாப்பாட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் பேசிக்கொண்டே வந்தேன். பந்தை அடிக்கும்போது பேசக்கூடாது என்பது கோல்ஃப் மரியாதையாம். யாரும் சொல்லவில்லை. கோகுல் அடித்த பந்து இரண்டு தடவை முள்ளுக்குள் போன பிறகு நிவேதாதான் மெதுவாகச் சொன்னாள். (அவ எது சொன்னாலும் மெதுவாத்தான் சொல்லுவா. அதுவும் எனக்குப் பிடிக்கலை.)

நாலாவது குழி முடிந்தது. இதோ, அந்த நடை.

உளுந்துக்காட்டைச் சுற்றி வரப்பு. மூன்று பேர் சேர்ந்து போக இடமில்லை. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு போனார்கள். பின்னால் நான் பாயோடு, வெள்ளை என்று யாரும் இனி நம்பமாட்டாத ஷூவோடு. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பேசட்டும். பேசுங்கலே பார்ப்போம்.

பேசவில்லை.

உடைமரம் வந்தது, பேசவில்லை. வரப்பு திரும்பியது, பேசவில்லை. ஒரு மயில் குறுக்கே ஓடியது. இரண்டு பேரும் நின்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்கள். மயிலைப் பார்த்தால்கூட "ஏ மயிலு" என்று சொல்லாத மனிதர்களை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குத்தான் தாங்கவில்லை.

"நான் இருக்கேன்னு பேசாம வருதீங்களா?"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இல்ல பவித்ரா. இந்த நடையில நாங்க எப்பவும் பேசமாட்டோம்" என்றாள் நிவேதா.

"எப்பவுமா?"

"வாரம் முழுக்க வாயைத் திறந்து வச்சிருக்கவங்ககிட்ட நான் தனியாப் பேசிட்டு இருக்கேன். இவருக்கு நாள் பூரா மிஷின் சத்தம். அதான், நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் யாரும் எதுவும் பேசக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம்."

கோகுல் கூடுதலாக ஒரு தகவல் சொன்னார். "மிஷின் சத்தம் மட்டும் இல்ல."

மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மிஷின் ஓய்ந்த பிறகு தினமும் போனில் வருகிற சத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நியாயமாக நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஒன்றுமே பேசவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. பேசிக்கொண்டு நடந்தால் அவர்கள் நண்பர்கள். பேசாமல் நடந்தால்? எங்கள் அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போகும்போது ஒரு வார்த்தை பேசாமல்தான் போவார்கள். பேசாமல் நடப்பது புருஷன் பெண்டாட்டி நடை! எனக்கு வரவேண்டிய இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையை இவள் சனிக்கிழமைதோறும் இலவசமாக வாழ்ந்துகொண்டிருக்கிறாள்!

"நானும் பேசாம வருவேன்" என்றேன்.

கோகுல் சிரித்தார். சத்தமாக. அந்த மனுஷன் சிரித்து அதுவரை நான் கேட்டதே இல்லை. பந்தயத்துக்கு வேறு காரணம் வேண்டுமா?

"அஞ்சு முடிஞ்சு ஆறாவது குழிக்குப் போவோம்லா. அந்தக் கொடியைத் தொடுத வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வார்த்தை பேசினாலும் கல்யாணம் வரைக்கும் இந்தப் பக்கமே வரமாட்டேன். பேசாம வந்துட்டேன்னு வைங்க, இனிமே நாலுல இருந்து அஞ்சு நடை எனக்கு. எனக்கு மட்டும். டாக்டர் முன்னால போயிரணும்."

நிவேதா கைகொடுத்தாள். "சரி." (பாருங்க, இதுக்கும் ஒத்தச் சொல்லுதான்.)

கோகுல் மட்டும் கவலையாகக் கேட்டார். "பவி, வீம்புக்குச் செய்யாத. முடியுமா உனக்கு?"

"நீங்க திரும்பிப் பாக்காம போங்க. மூஞ்சியப் பார்த்தா எனக்குப் பேச்சு வந்துரும்."

"சத்தியமாத் திரும்ப மாட்டேன்."

ஐந்தாவது குழி வரை வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு ஓடை இருப்பதை நான் விசாரிக்கவில்லை.

வருஷம் பூராவும் காய்ந்து கிடக்கிற ஓடை. முந்தின நாள் மழையில் தண்ணீர் ஓடி வடிந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி பளபளவென்று கிடந்தது. அவர்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு சளக் சளக்கென்று தாண்டி, கரை ஏறி, அந்தப் பக்கம் முள்மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் கோகுல் திரும்பவே இல்லை. நல்ல மனுஷன். நாசமாப் போக.

நான் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஷூவில் மண் ஏறியது. நான் உயர்ந்தேன். ஓடையின் நடுவுக்கு வரும்போது கோகுல் உயரத்துக்கு வந்திருப்பேன். கோகுல் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஹீல்ஸ் தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கரிசல் இலவசமாகக் கொடுத்தது. அதோடு நின்றேன். வலது கால் வரவில்லை. இடதை ஊன்றி வலதை இழுத்தேன். இடதும் போயிற்று.

ஷூவைக் கழற்றலாமே என்பீர்கள். நாடா எங்கே இருக்கிறது? கணுக்கால் வரைக்கும் மண். குனிந்து தோண்டினேன், கை இரண்டும் உருண்டையாகிவிட்டது. முகத்தில் ஈ உட்கார்ந்தது, துடைத்தேன், முகமும் போயிற்று. பாயைக் கீழே போட்டு அதன் மேல் முட்டி போடலாம் என்று ஒரு இன்ஜினியரிங் யோசனை. வழுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது பாயும் கூடவே எழுந்தது. முதுகில் ஒட்டிக்கொண்டது. போன் கோகுல் பையில். கைதட்டிக் கூப்பிடலாம் என்று தட்டினால் "தொப்" என்று தோசை மாவு விழுகிற சத்தம்தான் வந்தது.

ஒரு சத்தம் போட்டால் கோகுல் ஓடி வந்துவிடுவார். ஒரே ஒரு "ஏங்க". ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு விலை எல்லாச் சனிக்கிழமையும். குதிரைவால் உடைமரத்தடியில் என் புருஷனோடு மயில் பார்க்கும். நான் வீட்டில் இருந்து போட்டோவுக்கு லைக் போடவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். (அதுக்கும் பின்னாடி அவகிட்டத்தான் போகவேண்டியிருந்துச்சு.)

அப்போது பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

"மழைக்குக் குழியெல்லாம் தூர்ந்திருக்குமோன்னுதான் பார்க்க வந்தேன், வாரும்." ஜெயபால் அண்ணாச்சி குரல்.

"நல்லாத்தான் இருக்கு வே. அதென்ன ஓடைக்குள்ள? சோளக்கொல்லை பொம்மையா வச்சிருக்கீரு?"

அந்த இரண்டாவது குரல் என் மாமனாருடையது. வருங்கால மாமனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. நிச்சயத்தன்று, "பிள்ளை வாய் நிறையப் பேசுது, நம்ம வீட்டுக்கு அது வேணும்" என்று சொல்லி என்னைப் பிடித்துப்போன ஒரே ஆத்மா.

"நான் பொம்மை ஒண்ணும் வைக்கலையே" என்றார் அண்ணாச்சி.

பொம்மை திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"ஏ தாயி... நம்ம பவித்ராவா?"

நான் கும்பிட்டேன். மரியாதை முக்கியம். கும்பிட்ட கை ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. கும்பிட்டபடியே நின்றேன்.

"இங்கன என்னம்மா பண்ணுத? கோகுலு எங்க?"

தலையால் கரையைக் காட்டினேன். அப்புறம் உதட்டைக் குவித்து, தலையை ஆட்டி, பேசக்கூடாது, பந்தயம், கொடியைத் தொடும் வரை, என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே விளக்கினேன். கல்லூரியில் மைம் போட்டியை விட்டுவிட்டுப் பேச்சுப் போட்டிக்குப் போனது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரிந்தது. மாமனார் முகம் வெளுத்தது.

"என்ன வே, பிள்ளைக்கு வாய் ஒரு பக்கமா இழுக்கு?"

"ஓடைக்குள்ள நிக்கா. பூச்சி கீச்சி தீண்டியிருக்குமோ? நாக்குத் தடிச்சிட்டா பேச்சு வராதும்பாவ" என்றார் அண்ணாச்சி.

"தாயி! ஒரு வார்த்தை பேசு தாயி! அப்பா அம்மான்னாவது சொல்லு!"

மனசாட்சி உள்ள எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் பேசியிருப்பாள். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்து, கரைக்கு அந்தப் பக்கம், மரத்து இடுக்கில், ஆறாவது குழியின் சிவப்புக் கொடி தெரிந்தது. அதன் பக்கத்தில் குதிரைவால் ஆடியது. தொண்டைக்கு வந்ததை விழுங்கிவிட்டேன்.

மாமனார் போனை எடுத்து என் அப்பாவைக் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"சம்மந்தி! பதறாதீக! பிள்ளை இங்கன கிரவுண்டுல நிக்கி. பேச்சு நின்னு போச்சு!"

தன் பெயிண்ட் கடையிலிருந்து அப்பா நிதானமாகக் கேட்டார். "யாருக்கு?"

"பவித்ராவுக்கு!"

"பவிக்கா? பேச்சா? அப்ப அது எங்க பிள்ளையா இருக்காது சம்மந்தி. நல்லாப் பாருங்க."

அதற்கு மேல் மாமனார் காத்திருக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஓடைக்குள் இறங்கினார். ஒரு கையை அவரும் இன்னொரு கையை அண்ணாச்சியும் பிடித்து, முளைக்குச்சியைப் பிடுங்குவது மாதிரி இழுத்தார்கள். சளக்கென்று கால் வெளியே வந்தது. ஷூ வரவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வெறுங்கால்! ஆகா, என்ன ஒரு லகு! நான் ஓடினேன்.

நினைத்துப் பாருங்கள். காப்பாற்ற வந்த மாமனாரைத் தள்ளிவிட்டு, கருப்பு முகத்தோடு, முதுகில் பச்சைப் பாய் படபடக்க, ஒரு வார்த்தை பேசாமல் கரை ஏறி ஓடுகிற மருமகள். பின்னால் மாமனார் குரல்: "பிடி வே! பிள்ளை எங்கயோ ஓடுது! ஏலே கோகுலு!"

கோகுல் அதற்குத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்டிக்கைக் கீழே போட்டார். நிவேதா வாயைத் திறந்தபடி நின்றாள். (பல் வரிசை அழகுதான். ஒத்துக்கிடுதேன்.)

ஆறாவது குழியைச் சுற்றி அன்று காலைதான் புது ஆயில் ஊற்றியிருந்தார்கள். அதில் கால் வைத்தேன். அதற்குப் பிறகு நான் நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. உட்கார்ந்த வாக்கில் பாய் மேல் சறுக்கிக்கொண்டு போய், பந்து போகிற மாதிரியே நைசாகப் போய், கொடிக்கம்பைக் கட்டிப் பிடித்தேன். கம்பு வேரோடு என் கையில் வந்தது.

தொட்டாயிற்று! அடக்கி வைத்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மரியாதையான வார்த்தையாக யோசித்துச் சொல்லியிருக்கலாம். யோசிக்கவில்லை.

"ஏலே கோகுலு! நான் ஜெயிச்சிட்டேம்லே!"

ஒரு காக்கா கத்தியது.

எங்கள் பக்கத்தில் புருஷனை ஏலே என்று கூப்பிடுவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியாதவர்களுக்கு: கூப்பிடமாட்டார்கள். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். அதுவும் அவர் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கும்போது. பெரியவர்கள் முன்னால் பேரைக்கூடச் சொல்லாமல் "அவிய" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவரைக்கும்.

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "சம்மந்தி? சம்மந்தி? என்னாச்சு?"

மாமனார் போனை எடுத்தார். "பேச்சு வந்துட்டு சம்மந்தி." கொஞ்சம் யோசித்தார். "ஆனா எம் மகனை ஏலேங்கா."

அந்தப் பக்கம் அப்பா நிம்மதியாக மூச்சு விட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

"அப்ப அது எங்க பிள்ளைதான்."

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பூ, பழம், கூடவே சந்தேகம். பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. கல்யாணம் நிற்குமோ என்று அம்மா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். போட்டோ, குதிரைவால், ஷூ, ஓடை, மயில், எல்லாம். காப்பி ஆறியது. மறுபடி போட்டார்கள். அதுவும் ஆறியது. ஒரு அத்தை தூங்கிவிட்டாள். கடைசியில் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் தாயி, கோளாறு இல்ல" என்றார். கல்யாணம் நடந்தது.

அதிலிருந்து அவர்கள் வீட்டில் "ஆறாவது குழி" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். நான் பேச ஆரம்பித்து நிறுத்தாவிட்டால் மாமனார் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "தாயி, ஆறாவது குழி எங்கன இருக்கு?" என்பார். நாத்தனார் பிள்ளைகள் ஸ்கூலில் யாராவது கத்தினால் "ஆறாவது குழி!" என்று சொல்கிறார்களாம். வாத்தியார் அர்த்தம் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

நிவேதா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நாலாவது குழி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக முன்னால் போய்விடுவாள். அந்த நடை இப்போது எனக்கு, எனக்கு மட்டும். முதல் சனிக்கிழமை உடைமரம் வரைக்கும் பேசாமல் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, மயில் வந்துவிட்டது. கோகுல் "ம்" என்றார். ஜெயித்தவள் நான், ஆனால் முன்னால் தனியாக, அமைதியாக, கையை வீசிக்கொண்டு போகிற அந்தக் குதிரைவாலைக் கோகுல் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆசை இல்லை அதில். பொறாமை. எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை?

அன்று ஓடையில் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதற்காக நிவேதா கிளினிக்குக்குப் போகவேண்டியதாயிற்று. நாற்காலியைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"இப்ப சொல்லுங்க பவித்ரா. அன்னைக்கு என்னைப் பத்தி என்னெல்லாம் நினைச்சீங்க?"

"ஆ" என்றேன். வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நல்லாப் பேசுவாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

வாய் மரத்துப்போய் வெளியே வந்தேன். கோகுல் வரவேற்பு அறை பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கையில் போன். அதில் சாத்தியிருந்த கிளினிக் கதவின் படம். கீழே ஒரு வரி: "இந்த வாரத்தின் சிறந்த பதினைந்து நிமிடம்."

முதல் லைக் மாமனார்.

கேட்க என்னிடம் நிறைய இருந்தது, ஆனால் உதடு அசையவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தபடி நின்றேன். இந்தத் தடவை ஒரு நாற்காலி மேல் எனக்கு வயிறு எரிந்தது.